ஃப்ரெஷ் மெடோஸ்: கோல்ஃப் மைதானம் ஊரான கதை

ஃப்ரெஷ் மெடோஸ், நியூயார்க் மாநகரின் க்வீன்ஸ் வட்டாரத்தில் ஃப்ளஷிங்குக்குத் தென்கிழக்கே உள்ள குடியிருப்புப் பகுதி. இதன் மையக் குடியிருப்புக்கு வடக்கே லாங் ஐலண்ட் விரைவுச்சாலையும் தெற்கே 73ஆம் அவென்யூவும் எல்லைகள். 188ஆம் தெரு இதை ஒட்டி வடக்கு தெற்காகச் செல்கிறது. சுரங்க ரயில் இன்றுவரை இங்கு எட்டிப் பார்க்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் பேருந்தில் ஃப்ளஷிங்குக்கோ ஜமைக்காவுக்கோ போய்த்தான் ரயிலேற வேண்டும். இரண்டு, மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள், அவற்றுக்கு நடுவே வேலியில்லாத புல்தரை, கட்டடங்களைவிட வயதில் மூத்த மரங்கள் என்பது ஊரின் தோற்றம். 1923 முதல் 1946 வரை இந்த நிலம் அமெரிக்காவின் பேர்பெற்ற கோல்ஃப் மைதானங்களுள் ஒன்றாக இருந்தது.

அதற்கு முன்பு இது பண்ணை நிலமும் சதுப்புக் காடும். ஃப்ளஷிங் விரிகுடாவை ஒட்டிய புல்வெளிகள் உப்புநீர் ஏறியவை. உள்ளே தள்ளியிருந்த இந்தப் பகுதியில் நன்னீர் ஊற்றுகள் இருந்தன. ஊரின் பெயர் அந்த நீரால் வந்தது. 1898இல் க்வீன்ஸ் நியூயார்க் மாநகருடன் சேர்ந்த பிறகும் பல ஆண்டுகள் இங்கே உழவுதான் நடந்தது. மன்ஹாட்டனில் தொழில் செய்தவர்களுக்குக் காரில் வந்து விளையாடிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவில், மலிவாகக் கிடைத்த நிலம் இதுவே. 1920களில் க்வீன்ஸின் நடுப்பகுதியில் கோல்ஃப் கிளப்புகள் அடுத்தடுத்து முளைத்தன. ஃப்ரெஷ் மெடோ, பொமொனாக், ஹில்கிரெஸ்ட் ஆகியவை அவற்றுள் சில.

ஃப்ரெஷ் மெடோ கன்ட்ரி கிளப்பின் மைதானத்தை வடிவமைத்தவர் ஏ. டபிள்யூ. டில்லிங்ஹாஸ்ட். விங்ட் ஃபுட், பால்டஸ்ரால் போன்ற மைதானங்களும் அவர் கைவண்ணமே. இரண்டு பெரிய போட்டிகள் இங்கு நடந்தன. 1930ஆம் ஆண்டின் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் டாமி ஆர்மர், ஜீன் சாரசெனை ஒரே ஒரு குழி வித்தியாசத்தில் வென்றார். சாரசென் அதுவரை இந்தக் கிளப்பிலேயே சம்பளத்துக்கு இருந்த தொழில்முறை ஆட்டக்காரர். சொந்த மைதானத்தில் ஆடுபவர் ஜெயிக்க மாட்டார் என்று ஆட்டக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அவர் இந்தக் கிளப்பை விட்டு அருகிலிருந்த லேக்வில் கிளப்புக்கு மாறியதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு.

இரண்டு ஆண்டு கழித்து, 1932இல், அமெரிக்க ஓபன் போட்டி ஃப்ரெஷ் மெடோவுக்கு வந்தது. கடைசி நாளில் இரண்டு சுற்றுகள். காலைச் சுற்றில் எட்டுக் குழிகள் முடிந்தபோது சாரசென் முன்னணியில் இல்லை. ஒன்பதாம் குழியில் பந்தை இரண்டே அடியில் போட்டார். அங்கிருந்து ஆட்டம் மாறியது. அந்தக் குழி தொடங்கிப் போட்டி முடியும்வரை 28 குழிகளைச் சரியாக 100 அடிகளில் முடித்தார். கடைசிச் சுற்று 66, மொத்தம் 286, மூன்று அடி வித்தியாசத்தில் பட்டம். அமெரிக்க ஓபனில் வென்றவர் எவரும் அதுவரை கடைசிச் சுற்றை அவ்வளவு குறைவாக முடித்ததில்லை. 1960இல் ஆர்னால்டு பால்மர் 65 அடிக்கும்வரை அந்தச் சாதனை நின்றது. கோல்ஃப் வரலாற்றில் இந்த இடத்துக்குப் பெயர் நிலைத்தது அந்த ஒரு பிற்பகலால்தான்.

ஆனால் பட்டங்களால் நிலவரி குறைவதில்லை. பொருளாதார மந்தத்தில் உறுப்பினர்கள் குறைந்தார்கள். போர்க்காலத்தில் பெட்ரோல் ரேஷனும் சேர்ந்துகொண்டது. 1939-40 உலகக் கண்காட்சிக்காக ஃப்ளஷிங்கின் சதுப்பு நிலம் மேடாக்கப்பட்டது. சாலைகளும் பாலங்களும் வந்தன. சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் மதிப்பு ஏறியது. போர் முடிந்து படைவீரர்கள் ஊர் திரும்பியபோது நியூயார்க்கில் வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பானது. அந்த நேரத்தில் கட்டுமானக்காரர் கண்ணுக்குக் கோல்ஃப் மைதானத்தைவிடத் தோதான நிலம் எது? பல ஏக்கர் ஒரே பத்திரத்தில் கைமாறும். வடிகால் ஏற்கெனவே போட்டிருக்கும். காலி செய்யவேண்டிய குடித்தனக்காரர் ஒருவரும் இல்லை. எதிர்ப்பவர்கள் என்றால் உறுப்பினர்கள் மட்டுமே. அவர்களுக்கும் விற்ற பணம் புது மைதானம் வாங்க உதவும்.

1946இல் நிலத்தை வாங்கியது நியூயார்க் லைஃப் இன்ஷூரன்ஸ் நிறுவனம். கிளப் லேக் சக்சஸுக்குப் போய், லேக்வில் கிளப்பின் மைதானத்தையே வாங்கிக்கொண்டது. சாரசென் முன்பு மாறிப்போன அதே இடம் அது. அக்கம்பக்கத்துத் துண்டு நிலங்களையும் சேர்த்து சுமார் 170 ஏக்கரில் நிறுவனம் குடியிருப்பைத் தொடங்கியது. ஏறத்தாழ 3,000 குடும்பங்களுக்கு வீடுகள் எழுந்தன. முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை.

கட்டியவர் யார் என்பது இங்கே முக்கியம். மனை போட்டு விற்கும் முதலாளிக்கு விற்பனைப் பத்திரம் எழுதுவதோடு வேலை முடிந்தது. பத்து மரத்தை வெட்டினால் ஒரு வீடு கூடும் என்பதே அவர் கணக்கு. காப்பீட்டு நிறுவனமோ பல பத்தாண்டு வாடகை வருமானத்துக்காகப் பணம் போட்டது. குடியிருப்பு முப்பது ஆண்டு கழித்தும் மதிப்பிழக்காமல் இருக்கவேண்டும் என்பது அதன் தேவை. ஆகவே வூர்ஹீஸ், வாக்கர், ஃபோலி அண்ட் ஸ்மித் என்ற கட்டடக்கலை நிறுவனம் வரைந்த திட்டத்தில் மைதானத்தின் முதிர்ந்த மரங்கள் பலவும் காப்பாற்றப்பட்டன. தெருக்கள் சதுரக் கட்டங்களாக வெட்டப்படாமல், பெரிய பெரிய பாத்திகளாக விடப்பட்டன. கார்கள் ஓரத்தில் நிற்கும். குழந்தைகள் உள்ளே புல்தரையில் ஓடலாம். பெரும்பாலும் இரண்டு, மூன்று மாடிகளே; அவற்றுக்கிடையே 13 மாடிக் கட்டடங்கள் இரண்டு. எல்லாம் ஒரே உயரத்தில் பெட்டி அடுக்கியதுபோல் இல்லாதது இதன் அழகு.

நகரமைப்பு விமர்சகர் லூயிஸ் மம்ஃபோர்டு, மன்ஹாட்டனில் வேறொரு காப்பீட்டு நிறுவனம் கட்டிய ஸ்டைவெசன்ட் டவுனை, அதன் நெரிசலுக்காகக் கடுமையாகச் சாடியவர். அவரே 1949இல் ‘நியூயார்க்கர்’ இதழில் ஃப்ரெஷ் மெடோஸை மனம் திறந்து பாராட்டினார். இரண்டும் காப்பீட்டுப் பணத்தில், ஒரே காலத்தில், ஒரே நகரத்தில் எழுந்தவை. இங்கே நிலம் மலிவாகக் கிடைத்ததால் நெருக்கிக் கட்டவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வீடுகளோடு சேர்த்தே கடைவீதியும் திட்டமிடப்பட்டது. 188ஆம் தெருவும் விரைவுச்சாலையும் சந்திக்கும் மூலையில் ப்ளூமிங்டேல்ஸ் தன் கிளையை 1949இல் திறந்தது. கூடவே திரையரங்கும் கார் நிறுத்துமிடமும். பெரிய அங்காடிகள் புறநகரைத் தேடிப் போன காலத்தின் தொடக்கம் அது. 1990களின் தொடக்கத்தில் ப்ளூமிங்டேல்ஸ் கிளையை மூடியது. அந்த இடத்துக்கு வேறு அங்காடிகள் வந்தன. 1962இல் 20 மாடிக் கோபுரம் ஒன்று குடியிருப்பில் சேர்ந்தது.

பெரிய ஆபத்து 1972இல் வந்தது. அந்த ஆண்டு குடியிருப்பை வாங்கியவர் ரியல் எஸ்டேட் அதிபர் ஹாரி ஹெம்ஸ்லி. அவர் கண்ணுக்குப் புல்தரை காலி மனையாகத் தெரிந்தது. மேலும் கட்டடங்கள் எழுப்ப எண்ணினார். குடியிருந்தவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1974இல் மாநகரம் ‘திட்டமிட்ட சமுதாயப் பாதுகாப்பு மாவட்டம்’ என்ற புது வகையை மண்டல விதிகளில் சேர்த்தது. ஃப்ரெஷ் மெடோஸ், சன்னிசைடு கார்டன்ஸ், பார்க்செஸ்டர், ஹார்லெம் ரிவர் ஹவுசஸ் ஆகியவை அதில் அடங்கின. சிறப்பு அனுமதி இல்லாமல் இங்கே இருப்பதை இடிக்கவோ புதிதாகக் கட்டவோ முடியாது. 1946இல் மைதானத்துக்கு இல்லாத சட்டக் காப்பு, அதன்மேல் எழுந்த குடியிருப்பின் புல்தரைக்குக் கிடைத்தது. நிலம் காலியாக இருப்பதால் பயன்பெற்றவர்கள், இம்முறை ஓட்டும் குரலும் உள்ளவர்களாக அங்கேயே குடியிருந்தார்கள் என்பதே வேறுபாடு.

அண்டை மைதானங்களின் முடிவு வெவ்வேறு விதம். மேற்கே இருந்த பொமொனாக்கில் 1939ஆம் ஆண்டின் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் நடந்தது, ஹென்றி பிக்கார்டு 37 குழிகள் ஆடி பைரன் நெல்சனை வென்றார். பத்தே ஆண்டில் அந்த மைதானம் போய்விட்டது. ஒரு பகுதியில் மின்தொழிலாளர் சங்கத்தின் உள்ளூர்க் கிளை, ஹாரி வான் ஆர்ஸ்டேல் தலைமையில், எலெக்ட்செஸ்டர் என்ற கூட்டுறவுக் குடியிருப்பைக் கட்டியது. இன்னொரு பகுதியில் மாநகர வீட்டுவசதி வாரியம் சுமார் 2,000 வாடகை வீடுகளை எழுப்பியது. ஹில்கிரெஸ்ட் மைதானத்தில் இப்போது செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம். பேசைடில் ஓக்லண்ட் மைதானத்தில் க்வீன்ஸ்பரோ சமுதாயக் கல்லூரி.

இன்றைய ஃப்ரெஷ் மெடோஸில் சீனர், கொரியர், யூதர், தென்னாசியர் எனப் பலரும் வசிக்கிறார்கள். ஃப்ளஷிங் பௌன் தெருவில் 1977இல் குடமுழுக்கு கண்ட கணபதி கோயில் இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். அதன் உணவகத்தில் தோசைக்கு வரிசையில் நிற்பவர்களில் இந்தப் பக்கத்துக்காரர்களும் இருப்பார்கள்.

க்வீன்ஸில் கோல்ஃப் அடியோடு அற்றுப்போகவில்லை. கிஸ்ஸேனா, கிளியர்வியூ, ஃபாரஸ்ட் பார்க், டக்ளஸ்டன் ஆகிய நான்கு மைதானங்களும் மாநகரப் பூங்காத் துறைக்குச் சொந்தமானவை. கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம். டக்ளஸ்டன் முன்பு நார்த் ஹில்ஸ் என்ற தனியார் கிளப்; 1960களில் மாநகரம் விலைக்கு வாங்கியதால் பிழைத்தது. இவை தவிர, கிழக்கு எல்லையில் க்ளென் ஓக்ஸ் கிளப் இருந்த இடத்தில் நார்த் ஷோர் டவர்ஸ் என்ற மூன்று வானளாவிய கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள மைதானம் கோபுரவாசிகளுக்கானது.