சிறுவாடு

“வேற ஏதாவது லோன் ஓடுதா சார்?” என்று வங்கி அதிகாரி கேட்டார்.

“இல்ல சார்” என்றேன்.

வீட்டுக் கடனுக்கு நானும் அவளும் சேர்ந்து விண்ணப்பித்திருந்தோம். பக்கத்து நாற்காலியில் அவள் இருந்தாள். அதிகாரி எங்கள் பான் எண்களைத் தட்டி சிபில் அறிக்கையைத் திறந்தார். “உங்க பேர்ல ஒரு பர்சனல் லோன் காட்டுதே சார். 6 லட்சம். மாசம் 13,652 போகுது.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு வருடக் காதல், ஒரு வருடக் கல்யாணம். ஒன்பதாம் வகுப்பில் பிட் அடித்து மாட்டியது வரை என்னைப் பற்றி எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆடிட்டர் ஆபீஸில் ஊரார் கணக்கையெல்லாம் பார்க்கிறவளுக்கு என் கணக்கு மட்டும் தெரியாது. ஆபீஸில் சின்ன பக் கண்ணில் பட்டாலும் உடனே டிக்கெட் போடுகிறவன் நான். இதை 26 மாதம் மூடி வைத்திருந்தேன்.

தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன். 13 சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை. ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டால் கௌரவம் என்றுதான் முதலில் தோன்றுகிறது. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் பணம் என்பது மறைத்து வைக்கிற பொருள்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். 2016 நவம்பர் 8 ராத்திரி, 500, 1000 ரூபாய் நோட்டுகள் இனி செல்லாது என்று டிவியில் அறிவிப்பு வந்தது. தீபாவளி முடிந்து நான் சென்னைக்குத் திரும்பாமல் ஊரில்தான் இருந்தேன். மறுநாள் காலையில் அம்மா தன் கல்யாணப் பட்டை எடுத்து வந்து அப்பா முன்னால் விரித்தாள். மடிப்புக்குள் 47 ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். 23,500 ரூபாய். வீட்டுச் செலவுக்குக் கொடுத்த காசில் மிச்சம் பிடித்துச் சேர்த்த சிறுவாடு.

அப்பா கோபப்படவில்லை. அந்த வருடம்தான் ஓடு மாற்ற 20,000 ரூபாயை ரெண்டு ரூபா வட்டிக்கு வாங்கியிருந்தார். நோட்டுகளை எண்ணிவிட்டு, “கைல இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேன்” என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, “குடுத்திருந்தா இருந்திருக்காது” என்றாள்.

இரண்டுமே உண்மை. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றியதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை. ஆனால் இருக்கிறதா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை, இருக்கிறது என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்த இடைவெளிக்கு எங்கள் குடும்பம் மாதாமாதம் வட்டி கட்டியது.

வங்கியிலிருந்து திரும்பும்போது பைக்கில் அவள் என் தோளில் கை வைக்கவில்லை. ராத்திரிதான் பேசினாள்.

“உன் தங்கச்சி கல்யாணத்துக்கு காலேஜ் ஃபிரெண்டுன்னு சொல்லிட்டு வந்தேன். பந்தியில உக்காந்து ரெண்டு தடவ பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். அது கடன் வாங்கிப் போட்ட சாப்பாடுன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கஷ்டப்படுவன்னுதான்…”

“அதில்லடா. நான் உன்னை மதிக்க மாட்டேன்னு பயந்திருக்க. அப்ப நான் யாருன்னே உனக்குத் தெரியல.”

பதில் சொல்ல முடியவில்லை. கடனுக்காக அவள் வருத்தப்படவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மூன்று நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். நாலாவது நாள் லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். எக்ஸெலில் அவள் சம்பளம், அவள் பிஎஃப், அவள் அம்மாவுக்கு அனுப்புவது, அடகில் இருக்கிற அவளுடைய இரண்டு வளையல்கள். அந்த வளையல்களைப் பற்றி எனக்கும் தெரியாது. என் பக்கம் காலியாக இருந்தது.

“நிரப்பு.”

நிரப்பினேன். ஒவ்வொரு எண்ணாக அடிக்கும்போது சட்டையைக் கழற்றுவது போலக் கூச்சமாக இருந்தது. இதுவரை நான் கட்டியதில் 1 லட்சத்து 41 ஆயிரம் வட்டிக்கே போயிருக்கிறது என்று அவள்தான் கணக்குப் போட்டாள். அசலில் இன்னும் 3 லட்சத்து 86 ஆயிரம் பாக்கி. ஓடுகிற தவணையைக் கழித்துக்கொண்டு வங்கி குறைவான தொகைதான் தருவதாகச் சொல்லியிருந்தது. முதலில் இதை அடைப்போம், வீடு அப்புறம் என்று முடிவு செய்தோம்.

கடைசி வரிசையில் ‘சிறுவாடு’ என்று போட்டு, ஆளுக்கு 3,000 என்று எழுதியிருந்தாள்.

“இதுக்கு மட்டும் யாரும் யாரையும் கணக்குக் கேக்கக் கூடாது.”

“வேலூர்க்காரிக்கு இந்த வார்த்தையெல்லாம் எப்படித் தெரியும்?”

“உங்கம்மாதான் சொன்னாங்க. பட்டுச்சேலை கதையும் தெரியும்.”

அவள் முழுசாக மன்னித்துவிட்டாளா, தெரியாது. தவணை பிடித்ததாக எஸ்எம்எஸ் வந்தால் இப்போது போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டுகிறேன். சில மாதம் வாங்கிப் பார்க்கிறாள். சில மாதம், “சரி, வெச்சுக்கோ” என்கிறாள்.