ஒரு பூஜ்யம் எங்கிருந்து வந்தது?

005:35:17.

லாக் ஃபைலில் இந்த வரியைப் பார்த்ததும் கண் முதல் பூஜ்யத்திலேயே நின்றுவிட்டது. ஓரியன் நெபுலாவின் வல ஏற்றம், அதாவது வானில் அதன் கிழக்கு-மேற்கு இடம், 5 மணி 35 நிமிடம் 17 விநாடி. மணிக்கு இரண்டு இலக்கம் போதும், மூன்றாவது எதற்கு? அந்த ஒரு எழுத்தால்தான் ஜவ்வாது மலையில் அன்றைய படப்பிடிப்பு பாதியில் நின்றது. தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட் சரியாகத்தான் திரும்பியிருந்தது. கேமராவிலும் குறையில்லை. தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்பது மட்டும் லேப்டாப்புக்குப் புரியாமல் போய்விட்டது.

வானத்தைப் படம் எடுப்பவர்களிடம் இதைச் சொன்னால், முதலில் கேபிளை மாற்றச் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மெல்லிய நீளமான கம்பியில் 12 வோல்ட் போய்ச் சேர்வதற்குள் குறைந்துவிடும். மின்சாரம் போதாத யூஎஸ்பி ஹப் நடுராத்திரியில் கைவிடும். பேட்டரியை மிச்சம் பிடிக்க விண்டோஸ் போர்ட்டைத் தூங்க வைத்துவிடும். வேறு போர்ட்டில் செருகினால் காம் எண் மாறிவிடும். எல்லாவற்றையும் பார்த்துச் சரிசெய்தேன். பூஜ்யம் போகவில்லை. கம்பியில் கோளாறு என்றால் எழுத்துகள் சிதைந்து வர வேண்டும். இங்கே வந்ததோ சுத்தமான ஒரு பூஜ்யம். எப்போதாவதுதான் வந்தது, ஆனால் வந்தபோதெல்லாம் அதே இடத்தில் வந்தது. எங்கோ யாரோ வேண்டுமென்றே அனுப்பிய பூஜ்யம் அது என்று தோன்றியது.

லாகில் இன்னும் மேலே போனேன். லேப்டாப் மவுண்டிடம் கேட்ட கேள்விகள் அங்கே இருந்தன. ஒரு முக்காற்புள்ளி, ஜி, ஆர், ஒரு ஹேஷ். ‘உன் வல ஏற்றம் என்ன?’ என்று அதற்குப் பொருள். என் மவுண்டின் கையேட்டில் இதற்கு விளக்கமே கிடையாது. எல்எக்ஸ்200 கட்டளைகளுக்கு இணக்கமானது என்று ஒரே ஒரு வரி. கோவையில் இருக்கும் மூத்த நண்பர் ஒருவரிடம் ஃபோனில் கேட்டேன். முப்பது வருஷமாக வானம் பார்ப்பவர். “தம்பி, அது மீட்காரன் பாஷை. இப்ப பாதி மவுண்டு அதைத்தான் பேசுது. பழைய கையேட்டோட கடைசிப் பக்கங்களைப் படிங்க, உங்களுக்கே புரியும்” என்றார். அவரிடம் இருந்த நகலையும் அனுப்பிவைத்தார்.

கலிஃபோர்னியாவின் மீட் நிறுவனம் எல்எக்ஸ்200 தொலைநோக்கியை 1992இல் கொண்டுவந்தது. கைப்பெட்டியில் பொருளின் எண்ணைத் தட்டினால் தானே திரும்பும் கருவி. அதன் கையேட்டின் பின்னிணைப்பைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது. கணினியோடு இணைக்கும் கம்பியை நாமே செய்துகொள்வது எப்படி, பேசிக் மொழியில் ஒரு மாதிரி நிரல், பிறகு கட்டளைகளின் பட்டியல். எல்லாம் வாங்கியவர் கையில். பூட்டி வைத்திருந்தால் அந்தத் தொலைநோக்கியோடேயே முடிந்திருக்கும். அச்சிட்டுக் கொடுத்ததால் நிரல் எழுதுபவர்கள் அதற்கு எழுதினார்கள்; அந்த நிரல்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று பிற மவுண்டுகளைச் செய்தவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் செய்யும் ஆன்ஸ்டெப் கட்டுப்பாட்டுப் பலகை வரை அது வந்துவிட்டது. மீட் 2024இல் மூடப்பட்டுவிட்டது. கட்டளைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

என் பூஜ்யமும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. இடத்தைக் கேட்டால் மணி, நிமிடம், விநாடி, கடைசியில் ஹேஷ் வரும். பதில் முடிந்தது என்பதற்கு ஹேஷ்தான் அடையாளம். ‘இலக்குக்குப் போ’ என்பதற்கு எம், எஸ். இரண்டும் பெரிய எழுத்து. எஸ் சின்ன எழுத்தானால் ‘தெற்கே நகர்’ என்றாகிவிடும். போக முடியாத இலக்கு, அதாவது அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது என்றால், 1, ஒரு சிறு செய்தி, ஹேஷ். போக முடியும் என்றால் வெறும் 0. அதற்குப் பின்னால் ஹேஷ் கிடையாது.

ஒற்றை எழுத்துப் பதிலுக்கு முடிவுக்குறி எதற்கு என்று நினைத்திருக்கலாம். அன்று அதில் தவறும் இல்லை. ஒரு கம்பி, ஒரு நிரல், கேட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். 9600 பாட் வேகத்தில் ஒரு எழுத்து வந்துசேர ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி. இன்றைக்கு என் லேப்டாப்பில் வான வரைபடம், படப்பிடிப்பு வரிசை, நட்சத்திரத்தைப் பின்தொடரும் நிரல் எல்லாம் ஒரே டிரைவர் வழியாக, அதாவது கருவியோடு பேசும் ஓர் இடைநிரல் வழியாக, மவுண்டைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. மவுண்ட் வேறு கணக்கில் மூழ்கியிருந்தால் ‘போகலாம்’ என்ற பூஜ்யம் தாமதமாக வரும். டிரைவர் அதற்குள் பொறுமையிழந்து அடுத்த கேள்விக்குப் போயிருக்கும். பூஜ்யத்துக்குச் சொந்தமான ஹேஷ் இல்லாததால் அது தனிப் பதிலாக நிற்க முடியாது. பின்னால் வரும் 05:35:17 என்பதன் தலையில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பட்டியலில் இன்னொன்றும் கவனித்தேன். விநாடி வரை சொல்லும் நீண்ட வடிவத்திலேயே, வல ஏற்றத்தின் ஒரு விநாடி என்பது வான நடுவரையில் 15 வில்விநாடி. படத்தில் நட்சத்திரம் புள்ளியாக நிற்க வேண்டும் என்றால் ஓரிரு வில்விநாடிக்குள் பிடித்தாக வேண்டும். அதனால் பின்தொடரும் வேலை வேறு வழியில் போனது. சான்டா பார்பராவின் எஸ்பிஐஜி நிறுவனம் எஸ்டி-4 என்ற ஆட்டோகைடரைச் செய்தது. வழிகாட்டி நட்சத்திரம் நகர்ந்தால், கைப்பெட்டியின் நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்துவது போலச் சுற்றை மூடும், அவ்வளவுதான். எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. அந்தக் கருவியின் பெயரில்தான் இன்றும் மவுண்டுகளில் ஆறு முனைச் சாக்கெட் ஒன்று இருக்கிறது. பிறகு எல்எக்ஸ்200 கட்டளைகளிலேயே, இத்தனை மில்லிவிநாடி வடக்கே நகர் என்று சொல்ல வழி வந்துவிட்டது.

1990களின் பின்பாதியில் மவுண்ட், கேமரா, ஃபோகஸர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழியைப் பேச, நிரல் எழுதுபவர் எல்லாவற்றையும் கற்க வேண்டியிருந்தது. இதற்கு பாப் டென்னி 1997 வாக்கில் ஒரு தீர்வு சொன்னார். கருவிக்கு ஒரு டிரைவர் போதும், நிரல்கள் அந்த டிரைவரிடம் பொது மொழியில் பேசட்டும் என்றார். அதுதான் ஆஸ்காம். விண்டோஸில் அது நிலைத்தது. எக்ஸ்எஃபெம் நிரலை எழுதிய எல்வுட் டவுனி உருவாக்கிய இண்டி, லினக்ஸ் பக்கம் அதே வேலையை வலைப்பின்னல் வழியாகச் செய்தது. இரண்டு ஏற்பாடுகளும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தே இருந்தன. இந்தப் பொழுதுபோக்கு இவ்வளவு பேருக்கு எட்டியதற்கு இந்தத் திறந்த ஏற்பாடுகள்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்; கேமரா விலை குறைந்தது அதற்கு அடுத்துத்தான்.

இண்டியின் எல்எக்ஸ்200 டிரைவருடைய மூல நிரலைத் திறந்து படித்தேன். கேள்வி கேட்பதற்கு முன், வாசலில் தங்கியிருக்கும் பழைய எழுத்துகளை அழித்துவிடும் ஒரு சின்ன வரி, பல இடங்களில் வருகிறது. நான் பயன்படுத்திய டிரைவரில் அந்த வரி இல்லை. ஆஸ்காமின் புதிய வடிவமான அல்பாகா இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் கொடுக்கலாம். பதிலும் அதே எண்ணைச் சுமந்து வரும். எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்ற குழப்பத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் அல்பாகா டிரைவருக்கும் மவுண்டுக்கும் இடையே பல சமயம் அதே பழைய முக்காற்புள்ளியும் ஹேஷும்தான் ஓடுகின்றன. ஹேஷ் இல்லாத பூஜ்யத்தை மாற்றவும் முடியாது. மாற்றினால், அதை அப்படியே எதிர்பார்த்து எழுதிய நிரல்கள் எல்லாம் தடுமாறும்.

ஆகவே மாற்றம் டிரைவரில்தான். அழிக்கும் வரியைச் சேர்த்து, ‘போ’ என்ற கட்டளைக்கு மட்டும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி, லாகின் அந்தப் பகுதியோடு டிரைவரை எழுதியவருக்கு அனுப்பினேன். கையேட்டின் அந்தப் பக்கத்தையும் இணைத்திருந்தேன்.