லான்ட்மாஸ்டரும் நானும்

இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை எங்கள் பக்கத்தில் லான்ட்மாஸ்டர் என்றுதான் சொல்வோம். வயலுக்கும் அதுதான், பெட்டியைக் கொழுவினால் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுதான். இவர் இருந்த காலத்தில் அதைத் திருத்துவது அவருடைய வேலை. இரவில் டோர்ச் பிடிப்பது என்னுடைய வேலை. "இஞ்சேரும், கொஞ்சம் கிட்டப் பிடியும்" என்பார். பிடிப்பேன். ஏன், எதற்கு என்று கேட்டதில்லை. 2009 மே மாதத்திற்குப் பின் அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அந்த இயந்திரமும் இடப்பெயர்வில் தெருவோரத்தில் நின்றுவிட்டது.

2013 இல் காப்பை விற்றும் கடன்பட்டும் பழையதொன்றை வாங்கினேன். சின்னச் சத்தம் கேட்டாலும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். உழைத்ததில் பாதி அதற்கே போனது. அவரில் பிழை சொல்லமாட்டேன், வயல் காலத்தில் ஊர் முழுவதும் அவரைத்தான் தேடும்.

2022 சிறுபோகத்தில் டீசலுக்கு நாடெங்கும் வரிசை. ஒருவரிடம் கூடிய விலை கொடுத்து ஒரு கான் வாங்கினேன். விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, முளையும் வெடித்துவிட்டது. முளைத்த நெல் காத்திராது. வேர் நீண்டு பின்னிக்கொண்டால் வீசி விதைக்க முடியாது. கடைசிச் சேற்றடிப்பில், பாதி வயலில், எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது. மெக்கானிக்குக்கு அழைத்தேன். "நாளையிண்டைக்குத்தான் வரலாம் அக்கா" என்றார்.

வரம்பில் இருந்து அழுதேன். அழுது முடியத்தான், டோர்ச் வெளிச்சத்தில் அந்தக் கைகள் செய்தவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முதலில் அவர் பார்ப்பது டீசல் பில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தை. குனிந்து பார்த்தேன். அடியில் தண்ணீர் தனியாகத் தெரிந்தது.

டாங்கி டீசலை வாளியில் வடித்து ஆடாமல் வைத்தேன். தண்ணீர் கனமானது, கீழே இறங்கிவிடும். மேலே நின்றதை மட்டும் மெதுவாக எடுத்து, துணியில் வடிகட்டினேன். கிண்ணத்தைக் கழுவிப் பூட்டி, டீசலை ஊற்றினேன். ஆனால் இப்படிக் கழற்றினால் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிடும். அது இருக்கும்வரை எத்தனை தரம் சுழற்றினாலும் எஞ்சின் பிடிக்காது. பில்டரில் உள்ள காற்றுத் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு இறுக்கினேன். எஞ்சின் தலைப்பக்கம் போகும் மெல்லிய குழாயின் நட்டையும் தளர்த்தி, ஹான்டிலைச் சுழற்றி, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்கினேன். மறுபடி சுழற்றியபோது உள்ளே 'கிறீச்' என்றது. இவர் அந்தச் சத்தத்தைக் கேட்டால் சிரிப்பார். வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. பொழுதுபடுமுன் அடித்து முடித்தேன். விடிய விதைத்தோம்.

அன்றிலிருந்து வாங்கும் டீசலை முதலில் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்துப் பார்ப்பேன். மாலையில் டாங்கியை நிரப்பிவிடுவேன், வெறும் டாங்கியில் இரவுக் குளிருக்கு ஈரம் பிடிக்கும். காலையில் சமநிலத்தில் நிறுத்தி ஒயில் கோலை இழுத்துப் பார்ப்பேன், றேடியேற்றர் தண்ணீரையும் பார்ப்பேன். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே வேண்டாம். புழுதி உழவு நாட்களில் காற்று பில்டரைத் தினமும் கழுவுவேன். கறுப்புப் புகை வந்தால் அனேகமாக அது அடைத்திருக்கும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. அதற்கு நான் கைவைப்பதில்லை, மெக்கானிக்தான்.

ஹான்டில் சுழற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். திருப்பி அடித்தால் கை முறியும். தலைமுடியையும் தாவணியையும் இறுக்கிக் கட்டுங்கள், பெல்ட் பொல்லாதது.

இப்போது டோர்ச் பிடிப்பது மகள். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்கிறாள். போன கிழமை பெல்ட் மாற்றும்போது தானே இறுக்குகிறேன் என்று ஸ்பனரைப் பறித்தாள். அளவுக்கு மேல் இறுக்கிவிட்டாள், திரும்பக் கழற்றிப் பூட்ட வேண்டியதாயிற்று.