ஈரத் தரை

லிட்டில் இந்தியா மளிகைக் கடையொன்றில் அம்மா வழுக்கி விழுந்தார். குளிர்பெட்டியிலிருந்து கசிந்த தண்ணீர். எச்சரிக்கைப் பலகை இல்லை. மணிக்கட்டு முறிந்தது.

“பார்த்து நடக்கக் கூடாதாம்மா?” வானொலியில் தினமும் அளந்து பேசும் என் வாயில் முதலில் வந்தது இதுதான்.

பிறகுதான் விவரம் தேடினேன். சிங்கப்பூரில், கடைக்கு வருவோரின் பாதுகாப்பில் நியாயமான கவனம் செலுத்துவது கடை நடத்துபவரின் சட்டக் கடமை. தவறினால் இழப்பீடு கோரலாம். பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். நம் கவனக்குறைவும் இருந்தால் தொகை குறையும். எனவே விழுந்த இடத்தைப் படமெடுங்கள். மருத்துவ ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

“வருஷக்கணக்கா பழகின கடை, விட்டுடு” என்றார் அம்மா. வழக்குப் போடவில்லை, நேரில் பேசினேன். கடைக்காரர் மருத்துவச் செலவை ஏற்றார், குளிர்பெட்டியையும் பழுதுபார்த்தார்.

அம்மா இன்றும் அங்கேதான் மிளகாய் வாங்குகிறார். அன்று அவரைக் குறை சொன்னதற்கு நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.