எட்டு இடங்களும் ஒரு செவியும்

எழுத்துகள் பிறக்கும் இடங்கள் எட்டு என வகுத்தார் தொல்காப்பியர். கொப்பூழிலிருந்து எழுந்த காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய மூன்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலிகளாகப் பிறக்கும் என்பதைக் கரும்பலகையில் படம் வரைந்து பல்லாண்டு நடத்தியிருக்கிறேன். அந்த எட்டில் செவி இல்லை. இருக்கவேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதும் இல்லை. பேசுவது வாயின் வேலை, கேட்பது செவியின் வேலை, இரண்டுக்கும் இடையே வழக்கு ஏதும் இல்லை என்றே எண்ணியிருந்தேன். 2015ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஓர் இரவு, பழவேற்காட்டு ஏரியின் நடுவே அமைந்த பசியாவரம் என்னும் மீனவச் சிற்றூரில், ஊரார் முன்னிலையில் அந்த எண்ணம் குலைந்தது.

அவ்வூர் மாலைநேரப் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்கு என்னை அழைக்க வந்தவர், என் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவனின் தாய்மாமன். அம்மாணவனும் உடன் வந்திருந்தான். மாமனே எல்லாவற்றையும் பேசினார். அவன் கைகட்டி நின்றான். அவனைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்தது கொஞ்சமே. அதிகாலையில் படகேறிப் பழவேற்காட்டுக் கரைக்கு வந்து, பேருந்தில் பொன்னேரி சென்று, அங்கிருந்து இரயிலேறிச் சென்னைக்கு வருபவன். கடைசி வரிசையில் அமர்வான். வருகைப் பதிவின்போது பல நாள் விடையளிக்க மாட்டான். பெயரை அழைப்பேன், ஒரு நொடி பார்ப்பேன், 'உள்ளேன் ஐயா' என்ற குரல் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். அறுபது பேருக்குப் பெயர் அழைக்கும் ஆசிரியருக்கு அவ்வளவுதான் பொழுது என்று அப்போது ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

அப்போது அவ்வூருக்குப் பாலம் இல்லை, படகுதான். பழவேற்காட்டுக் கரையில் டச்சுக்காரர் கல்லறைகளையும் பழம்பெரும் பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு, அஸர் தொழுதபின் படகேறினோம். தொலைவில் பூநாரைகள் வெண்கோடாக நின்றன. எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த தலைப்பு நாவடக்கம். பின்னர் நிகழ்ந்ததை நினைத்தால் இத்தலைப்பை வைத்தவர் தீர்க்கதரிசி எனலாம்.

மேடைக்கு அருகே ஒரு கூம்பு ஒலிபெருக்கி; அக்கரையிலும் கேட்கட்டும் என்று படகுத்துறைக் கம்பத்தில் இன்னொன்று. என் முறை வந்தது. ஐந்து நிமிடம் தங்குதடையின்றிப் பேசினேன். திடீரென மேடைக் குழாய் 'கொர்' என்று இழுத்து ஓய்ந்துவிட்டது. துறைக் குழாய் மட்டும் பேசியது. பேச்சை நிறுத்தவேண்டாம் எனச் சைகை காட்டினார்கள்; தொடர்ந்தேன். அப்போதுதான் அந்த விந்தை தொடங்கிற்று. நான் ஒரு சொல்லை முடிப்பதற்குள், சற்று முன் சொன்ன அசை துறையிலிருந்து திரும்பிவந்து என் காதில் விழுந்தது. யாரோ என்னைப் பரிகசிப்பதுபோல் இருந்தது. 'வள்ளுவர்' என்று சொல்லப்போய் 'வள்ள்ளு, வள்ளு' என்று இரட்டித்தேன். உரக்கப் பேசினால் வெல்லலாம் என்று குரலை உயர்த்தினேன். திரும்பி வந்த குரலும் உயர்ந்தது. நெடில்கள் எல்லாம் இழுபட்டன. அளபெடை நடத்திய நாளெல்லாம் மாணவர்க்கு விளங்காத அளபெடை அன்று என் வாயில் தானே பிறந்தது. முன்வரிசைச் சிறுவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். பின்னர்ப் பெரியவர்களும் சிரித்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், "சாருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, ஒரு சோடா குடுங்கப்பா" என்றார். கூட்டத்தில் சிரிக்காமல் இருந்தவன் என் மாணவன் ஒருவனே. அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

என்னைக் காப்பாற்றியவர் மைக்செட் இளைஞர். "சார், காதுல விரலை வச்சிக்கினு பேசுங்க" என்றார். ஒலிவாங்கி நிலைத்தாங்கியில் இருந்தமையால் இரு கைகளும் ஓய்வாகவே இருந்தன. பாங்கு சொல்லும் மோதினாரைப்போல் இரு காதிலும் விரலை வைத்துக்கொண்டேன். நாக்கு நேரானது. அந்தக் கோலத்திலேயே மீதிப் பேச்சை முடித்தேன். ஹழ்ரத் பிலால் (ரலி) அவர்கள் செவிகளில் விரல் வைத்துப் பாங்கு சொன்னார்கள் என்று நபிமொழி நூல்களில் காண்கிறோம். குரலை உயர்த்துவதற்கு அது துணை செய்யும் என்பர் மார்க்க அறிஞர். காதை அடைத்தால் வெளியொலி குறையும். எலும்பு வழியே உள்ளிருந்து வரும் நம் குரல் ஓங்கிக் கேட்கும். அன்று எனக்கு வேண்டியிருந்ததும் அதுவே.

விழா முடிந்து திரும்பும்போது மாணவன் என்னைப் பழவேற்காட்டுக் கரையில் விட வந்தான். நீர் வற்றியிருந்தமையால் படகு நேரே செல்லாமல் ஆழமான பக்கமாகச் சுற்றிச் சென்றது. எந்திரம் காதைப் பிளந்தது. அந்த இரைச்சலுக்கு மேலாக அவன் பேசத் தொடங்கினான். இரண்டாண்டு வகுப்பில் நான் கேட்காத அத்தனையும் அந்தக் கால்மணி நேரத்தில் கேட்டேன். பாடு முறையைச் சொன்னான்: ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்ன ஊரார் வலையிடலாம் என்று முறைவைத்து நடக்கும் பழைய ஏற்பாடு. முகத்துவாரம் மணல் மூடிப் போவதால் கடல்நீர் ஏரிக்குள் வரத்துக் குறைந்து, இறாலும் மடவையும் குறைவதைச் சொன்னான். வடக்கே இருளைக் காட்டி, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும்போது முதலில் ஒளி மட்டும் தெரியும், சிறுவயதில் நாங்கள் ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்குவோம், நூறை நெருங்கும்போதுதான் முழக்கம் வந்து சேரும் என்றான். ஏவுதளம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்வது, கணக்குச் சரிதான். ஒரு சொல்லிலும் அவனுக்குத் தடை இல்லை. நல்ல தமிழ்; ஏற்ற இறக்கமான குரல்.

துறையை அணைந்ததும் எந்திரத்தை நிறுத்தினார்கள். ஏரி அமைதியானது. அவன் 'போய் வருகிறேன் ஐயா' என்று சொல்ல வாய் திறந்தான். 'போ' என்ற எழுத்துக்கு உதடுகள் குவிந்தன, குவிந்தபடியே நின்றன. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடினான். ஒலி வரவில்லை. கடைசியில் கையைக் கூப்பிவிட்டுத் திரும்பிப் படகில் ஏறிக்கொண்டான்.

அவன் திக்குவாய் உடையவன் என்று எனக்கு அதுவரை தெரியாது. வகுப்பில் அவன் வாய் திறந்தே நான் பார்த்ததில்லை. திறப்பதற்குள் அடுத்த பெயருக்குப் போயிருந்தேன்.

அன்றிரவு இரண்டு வினாக்கள் என்னை உறங்கவிடவில்லை. திக்காத என் நாக்கு ஏன் திக்கியது? திக்கும் அவன் நாக்கு எந்திர இரைச்சலில் ஏன் திக்கவில்லை? இலக்கண நூல்களில் விடை இல்லாமையால், பிற துறை நண்பர்களை நாடியும் நூலகங்களில் தேடியும் நான் அறிந்தவற்றை இங்கே கூறுகிறேன்.

அமெரிக்கரான பெர்னார்டு லீ என்பார் 1950இல் இதுபற்றி எழுதினார். நாடாப் பதிவுக் கருவியில் பதியும் முனை ஒன்று, ஒலிக்கும் முனை ஒன்று. நாடா ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லச் சிறிது நேரம் பிடிக்கும். பேசுபவர் காதில் அந்த இரண்டாம் முனையின் ஒலியை மாட்டிவிட்டால், தம் குரலையே அவர் சற்றுப் பிந்திக் கேட்பார். கேட்டவுடன் தடுமாறுவார், அசைகளை இரட்டிப்பார், உயிரொலிகளை நீட்டுவார், குரலை உயர்த்துவார். இதனைச் 'செயற்கைத் திக்கல்' என்றே அவர் பெயரிட்டார். தாமதம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும்போது தடுமாற்றம் மிகுதி என்று கண்டனர். பின்னர் ஒருநாள் அம்மாணவனிடம், மேடையிலிருந்து துறைக் கம்பம் வரை எத்தனை தப்படி என்று எண்ணி வரச் சொன்னேன். 92 என்று தாளில் எழுதிக் கொடுத்தான். எழுபது மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒலி அதைக் கடக்க ஐந்தில் ஒரு நொடி! மைக்செட்காரர் அளந்து கட்டியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திராது.

ஏன் அந்த அளவு? கண்ணிமைக்கும் பொழுதும் விரல் நொடிக்கும் பொழுதும் மாத்திரை என்று நம் முன்னோர் கொண்டனர். கண்ணிமைப்பு நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்கு வரை நீளும் என்று இன்று கருவி கொண்டு அளந்து கூறுவர். நாம் பேசும் ஓர் அசையின் நீளமும் அந்த எல்லைக்குள்தான் அடங்கும். ஆகவே, ஏறத்தாழ ஒரு மாத்திரை பிந்திவரும் குரல், நாம் அடுத்த அசையைத் தொடங்கும் வாயிலில் முந்திய அசையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. 'இன்னும் சொல்லி முடிக்கவில்லை போலும்' என மயங்குகிறது மூளை. நா மீண்டும் அதனையே சொல்கிறது. மிகவும் பிந்தி, தனி எதிரொலியாக வந்தால் இத்துணை இடர் இல்லை. அது வேறொருவர் குரல்போல் ஒதுங்கிவிடும். எழுத்தின் பிறப்பிடம் எட்டே என்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை. ஆனால் பிறந்த எழுத்தைப் பார்த்து, அடுத்ததற்கு வழிவிடும் காவலாளி செவிதான் போலும்.

இதைக் கொண்டு சிலர் வேடிக்கையும் செய்தனர். குரிஹாரா, சுகாதா என்னும் ஜப்பானியர் இருவர், அளவின்றிப் பேசுவோரை நோக்கி நீட்டினால் அவர் குரலையே சற்றுப் பிந்தி அவர்மேல் வீசி வாயடைக்கச் செய்யும் துப்பாக்கி போன்ற கருவியைச் செய்து, 2012இல் நகைப்புக்குரிய ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு பெற்றனர். நம் பட்டிமன்ற மேடைகளுக்கு ஒன்று வாங்கலாம். செவிடர்போல் நடிப்பவரைக் கண்டுபிடிக்கவும் இம்முறை பயன்பட்டதுண்டு: உண்மையில் கேளாதவர் தடுமாறமாட்டார், நடிப்பவர் நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் கைப்பேசி வழியே வகுப்பெடுத்த ஆசிரியர் பலருக்கு, ஒலிவாங்கியை அணைக்க மறந்த மாணவர் ஒருவர் வீட்டிலிருந்து தம் குரலே திரும்பி வந்து பாடம் தடைப்பட்ட அனுபவம் நினைவிருக்கும்.

என்னை வியப்பில் ஆழ்த்தியது இவை அல்ல, இதன் மறுபக்கம். சரளமாகப் பேசுவோரைத் திக்கவைக்கும் இதே தாமதம், திக்குவாய் உடையோர் பலரைச் சரளமாகப் பேசவைக்கிறது. எல்லாருக்கும் அன்று, என்றும் நிலைப்பதுமன்று, எனினும் இதற்கெனக் காதில் அணியும் கருவிகளும் செய்திருக்கிறார்கள். தம் குரல் தமக்குக் கேளாதவாறு பேரிரைச்சல் இருந்தாலும் பலருக்குத் திக்கல் குறைகிறது. படகு எந்திரத்தின் கதை அதுவே. பிறரோடு சேர்ந்து ஒரே குரலில் படித்தாலும் அப்படித்தான். நான் ஓதிய மதரஸாவில், தனியே ஓதச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுபோகும் சிறுவன் ஒருவன் இருந்தான். எல்லாரும் சேர்ந்து ஓதும்போது அவன் குரலே முன்னிற்கும். அவன் வேண்டுமென்றே நடிக்கிறான் என்று நாங்கள் நம்பினோம். பிரம்படியும் பட்டான். அவன் இன்று எங்கே இருக்கிறானோ, அறியேன்.

மூசா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது, தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறும் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாக்குமாறும் இறைவனிடம் வேண்டியதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. அந்த வரலாற்றை எத்தனையோ மேடைகளில் எடுத்துரைத்தவன் நான். என் வகுப்பின் கடைசி வரிசையோடு அதனைச் சேர்த்துப் பார்த்ததில்லை.

பசியாவரத்திலிருந்து வந்த மறுவாரம், இனிப் பெயர் அழைத்தால் கையை உயர்த்தினால் போதும் என்று வகுப்பில் அறிவித்தேன். காரணம் கூறவில்லை, தொண்டை கட்டியிருப்பதால் இரைச்சல் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவன் பெயரை அழைத்தேன். கடைசி வரிசையில் கை எழுந்தது. பருவ இறுதிக் கருத்தரங்கில் அவனையும் அவன் நண்பனையும் சேர்ந்தே கட்டுரை படிக்கச் சொன்னேன். முதல் பக்கம் இருவர் குரலும் சேர்ந்து ஒலித்தது. இரண்டாம் பக்கத்தில் நண்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டான், அவன் சில வரிகள் தனியே சென்றான், ஓரிடத்தில் நின்றான், நண்பன் மீண்டும் சேர்ந்துகொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

வருகை விழுக்காடு அவனுக்கு எழுபத்தைந்தைத் தொடவில்லை. குறைவுக்கான கட்டணத்தை அவன் மாமன் கட்டிய பின்னரே எனக்குத் தெரியவந்தது. கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார். பழைய மாதங்களின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவன் பெயருக்கு நேரே, என் கையெழுத்தில், வரவில்லை என்னும் குறி பதினொரு கட்டங்களில் இருந்தது. அவற்றில் எத்தனை நாள் உண்மையிலேயே வரவில்லை என்று அவனிடம் கேட்டேன். அவன் முயன்றான், முடியவில்லை. மேசைமேல் இருந்த எழுதுகோலை எடுத்து, இரண்டு கட்டங்களை மட்டும் சுழித்துக் காட்டினான். மற்ற ஒன்பது நாளும் அவன் படகேறி, பேருந்தேறி, இரயிலேறி வந்து என் வகுப்பில் அமர்ந்திருந்தான்.