கடல் கடந்த பணமும் கைத்தொழிலும்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்கு வருவோர்க்கு வாசலூர்பட்டி என்றதும் அங்குள்ள படகுத்துறை நினைவுக்கு வரும். எனக்கோ, அவ்வூரை அடுத்த குடியிருப்பு ஒன்றில் பூட்டிய அறைக்குள் தூசி படிந்து கிடந்த ஓர் இயந்திரமே நினைவுக்கு வருகிறது. அது சாமையின் உமி நீக்கும் இயந்திரம். வெளிநாட்டில் பணிபுரியும் அன்பர் ஒருவர் அனுப்பிய பணத்தில் வாங்கியது. அந்தப் பணத்தை அவரிடம் கேட்டு வாங்கியவன் நானே.

சாமையை விளைவிப்பதிலும் அதை அரிசியாக்குவதே பெரும்பாடு. பகலெல்லாம் காட்டில் உழைத்துத் திரும்பும் மலைவாழ் பெண்கள், அதன்பின் உரலும் உலக்கையுமாக நிற்க வேண்டும். மரவள்ளியோ நேரே சேகோ ஆலைக்குப் போகிறது. குத்தவும் வேண்டாம், புடைக்கவும் வேண்டாம். சாமையும் தினையும் விளைந்த நிலங்களை மரவள்ளி பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களை மீட்க உழைத்தபோது, சிற்றியந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவந்தது. அதைக் கண்டே எனக்கும் ஆசை பிறந்தது. நாடா வெட்டினோம்; புகைப்படம் எடுத்து அன்பருக்கு அனுப்பினோம். சில மாதங்களில் பெல்ட் அறுந்தது. பெண்கள் உலக்கைக்குத் திரும்பினர். அன்பருக்கு அதை எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

சென்ற கோடையில், ஷார்ஜாவில் குளிர்சாதனப் பொறிகளைப் பழுதுபார்க்கும் நம் பங்குச் சகோதரர் ஒருவர் விடுப்பில் வந்தார். "சாமி, இந்த வருசம் நான் என்ன தரட்டும்?" என்று வழக்கம்போலக் கேட்டார். "பணம் வேண்டாம், தம்பி. இரண்டு நாள் என்னோடு மலைக்கு வாருங்கள்" என்றேன்.

வந்தார். பெல்ட் மட்டுமா கெட்டிருந்தது? அதை அளவுக்கு மீறி இழுத்துப் பூட்டியதால் பேரிங் தேய்ந்திருந்தது. மாலையில் மின்னழுத்தம் குறையும் வேளையில் ஓட்டியதால் மோட்டாரும் சூடேறியிருந்தது. பழுதை நீக்கியபின் பெல்ட்டைத் தாமே கழற்றி எறிந்துவிட்டு, இரு பெண்களை அழைத்து மாட்டச் சொன்னார். நான்கு முறை கழற்றி மாட்டினார்கள். அவரோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு, நான் ஒருநாளும் கேட்டிராத கேள்விகளைக் கேட்டார்: ஓட்டுவது யார்? படிக்கு என்ன கூலி? அடுத்த பெல்ட் வாங்கும் காசு யாரிடம் இருக்கும்? திண்ணையில் அமர்ந்து பேசிப் பெண்களே கூலியை முடிவு செய்து, தங்கள் சுய உதவிக் குழுக் கணக்கில் சேர்க்கத் தொடங்கினர்.

இதே மலையில் 1914இல் பிறந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். பாப்டிஸ்டு மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியரின் மகன் பால் பிராண்ட். சிறுவயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர், முதலில் தச்சும் கட்டடத் தொழிலும் கற்று, பின்னரே மருத்துவர் ஆனார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். அத்தோடு நின்றாரா? அந்தக் கைகள் பிழைக்க வழி வேண்டுமே என்று, மரப்பொம்மைகள் செய்யும் பட்டறையும் அமைத்தார். இளமையில் கற்ற தச்சு அங்கே உதவிற்று.

பணத்தை நான் இகழவில்லை. 2023-24இல் வெளிநாடுகளிலிருந்து இந்தியக் குடும்பங்களுக்கு வந்த பணம் 11,800 கோடி டாலருக்கு மேல். அதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு தமிழகத்துக்கு வந்தது என்கிறது ரிசர்வ் வங்கி. பெரும்பகுதி அடுப்புக்கும் படிப்புக்கும் வீட்டுக்கும் போகிறது. போகட்டும், அது வியர்வை சிந்தியவர் உரிமை. எஞ்சியதில் ஊருக்கென ஒதுக்குவோர்க்கு வழிகளும் உள்ளன. 1997இல் தோன்றி, 2021இல் மீண்டும் தொடங்கப்பட்ட 'நமக்கு நாமே' திட்டத்தில், பொதுவாக மக்கள் மூன்றிலொரு பங்கு தந்தால் மீதியை அரசு ஏற்கும். மெக்சிகோவில் புலம்பெயர்ந்தோர் தந்த ஒவ்வொரு டாலருக்கும் மூன்று நிலை அரசுகளும் ஒவ்வொரு டாலர் சேர்த்த திட்டம் ஒன்று பல ஆண்டுகள் நடந்தது.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. கனடாவில் குடியுரிமை பெற்றுவிட்ட அவருடைய அண்ணன் அனுப்பினால், நம் ஊரில் பிறந்தவரே ஆயினும், அது அயல்நாட்டு நன்கொடையே. உரிய பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே அதைப் பெறலாம். அதுவும் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கின் வழியாகவே.

மலையிலிருந்து பிழைக்கப் போகிறவர்களோ கடல் தாண்டுவது அரிது. கேரளத்தின் மிளகுத் தோட்டங்களும் குடகின் காப்பித் தோட்டங்களுமே அவர்களது வெளிநாடு. இயந்திரம் ஓட்டும் பெண்களில் ஒருவரின் கணவரும் அங்கேதான் இருக்கிறார்.

சென்ற மாதம் இயந்திரத்தில் ஏதோ கரகரப்பு என்று அப்பெண் எனக்குப் பேசினார். எனக்கென்ன தெரியும்? ஷார்ஜாவின் எண்ணைக் கொடுத்தேன். கைப்பேசியை மோட்டாருக்கு அருகே பிடிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கம்மா" என்றாராம் அவர். "அதை நேற்றே செய்துவிட்டோம் அண்ணா, பேரிங்தான் போலிருக்கிறது" என்று பதில் சொன்னாராம் அந்தப் பெண்.