வேறொருவர் பெயரில் ஒரு வண்டு

அரிசோனாவில் எனக்கு இது முதல் ஜூலை. ராத்திரி பார்க்கிங் விளக்குக்குக் கீழே ஏதோ பொத்தென்று விழுந்தது. கரும்பழுப்பு நிறம், மூன்று அங்குல நீளம், பின்னோக்கி வளைந்த நீண்ட உணர்கொம்புகள். கரப்பான்னு நினைச்சு செருப்பைக் கழற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாதான் தடுத்தார்: "பாவம், பாலோ வெர்டே வண்டு."

சொனோரா பாலைவனத்து நீள்கொம்பு வண்டு. சில வருஷம் மண்ணுக்கடியில் புழுவாக மரவேர்களைத் தின்று வளரும். கோடைமழைக் காலத்தில் வெளியே வந்து, இணை தேடி, சில வாரங்களில் செத்துப்போகும்.

ஊரே அறிந்த இதை வெகுகாலம் டெரோபிராக்கஸ் ஜெமினேட்டஸ் என்றே அழைத்தார்கள். அது 1853-ல் லெகாண்ட் வேறொரு சிற்றினத்துக்கு வைத்த பெயர். பிரேசில் ஆய்வாளர் சாண்டோஸ்-சில்வா 2007-ல்தான் இதைத் தனிச் சிற்றினமாக விவரித்தார். முந்தைய வருஷம் இறந்த வண்டு ஆய்வாளர் ஃபிராங்க் ஹோவோரின் நினைவாக 'ஹோவோரெய்' என்று பெயர் வைத்தார். புதிய சிற்றினம் என்றால் யாரும் பார்க்காதது என்று நினைத்திருந்தேன். எல்லாரும் பார்த்து, தப்பான பெயரில் கூப்பிட்டதாகவும் இருக்கலாம்.

விவரிப்பது என்றால், ஒரு உடலை மாதிரியாகத் தேர்ந்து அருங்காட்சியகத்தில் வைப்பது; நெருங்கிய உறவுகளிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது என்று எழுதுவது.

ஆபீஸில் என்னை எல்லோரும் அப்பா பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் நேர்ந்த குழப்பம். அப்பா போய் நாலு வருஷம். முதலில் திருத்திப் பார்த்தேன், அப்புறம் விட்டுட்டேன். ஒரு நாளைக்கு இருபது தடவை அவர் பெயர் காதில் விழுகிறது. நான் திரும்பிப் பார்க்கிறேன்.

பெயரை மாற்றச் சொல்லி அன்று ராத்திரியே ஹெச்ஆருக்கு மெயில் எழுதினேன். இன்னும் டிராஃப்டில்தான் இருக்கு.